லிம்போமா: முன்பு ஏறிய கீமோ, ஸ்டெம் செல் சேகரிப்பை எப்படிப் பாதிக்கிறது?

லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் முதல் சிகிச்சைக்குப் பிறகு திரும்பி வந்தால், குடும்பத்தார் காதில் விழும் புதுச் சொல் ‘ஸ்டெம் செல்’. “உங்கள் ஸ்டெம் செல்லை எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, பெரிய கீமோ கொடுத்து, பிறகு அதைத் திருப்பி ஏற்றப் போகிறோம்” என்று டாக்டர் சொல்வார். உடனே வீட்டில் எழும் கேள்விகள் வழக்கமானவை. யார் கொடுக்க வேண்டும், அண்ணனா தங்கையா? முதுகெலும்பில் ஊசி போடுவார்களா? எவ்வளவு செலவாகும்? அதிகம் பேர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது. இதுவரை உடம்பில் ஏறிய கீமோ மருந்துகள், தேவையான அளவு ஸ்டெம் செல்லை எடுக்க விடுமா? மாற்று சிகிச்சை நடக்குமா நடக்காதா என்பது பல நேரங்களில் இதைப் பொறுத்தே அமைகிறது.

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்று எழுதுகிறோம். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் இவை குடியிருக்கின்றன. சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எல்லாமே இவற்றிலிருந்துதான் பிறக்கின்றன. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, நெஞ்செலும்பு ஆகியவற்றில்தான் ரத்தம் உற்பத்தி செய்யும் மஜ்ஜை அதிகம். (நேரடி விற்பனையில் ‘ஸ்டெம் செல்’ என்று பெயர் ஒட்டி விற்கப்படும் மாத்திரைக்கும் பானத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவற்றைக் குடித்து மஜ்ஜையை வளர்க்க முடியாது. சிகிச்சை நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் அவற்றை எடுப்பது ஆபத்தாகவும் முடியலாம்.)

ஸ்டெம் செல் எதற்கு?

லிம்போமாவைக் கொல்வது ஸ்டெம் செல் அல்ல. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கொல்லும் வேலை பெரிய அளவு கீமோவினுடையது. லிம்போமாவுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ‘பீம்’ என்ற கூட்டில் கார்முஸ்டின், எட்டோபோசைட், சைட்டராபின், மெல்ஃபலான் என்று நான்கு மருந்துகள் உண்டு. அந்த அளவில் கொடுத்தால் புற்றணுவோடு சேர்ந்து மஜ்ஜையும் ஏறக்குறைய காலியாகிவிடும். அப்படியே விட்டால் ரத்த எண்ணிக்கை மீள மிக நீண்ட காலம் ஆகும், அதற்குள் கிருமித் தொற்றோ ரத்தக் கசிவோ உயிரைக் குடிக்கும். ஆகவே முன்கூட்டியே எடுத்து உறைய வைத்த நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லைத் திருப்பி ஏற்றி மஜ்ஜையை மீட்கிறார்கள். இந்த முறையில் அண்ணனும் தங்கையும் கொடுக்க வேண்டியதில்லை. வேறொருவரிடமிருந்து வாங்குவது தனி வகை, அதன் பயனும் ஆபத்தும் வேறு.

இந்த முறை பலன் தருமா என்பதை 1995இல் வெளியான ‘பார்மா’ என்ற ஆய்வு சோதித்துப் பார்த்தது. திரும்பி வந்த, ஆனால் கீமோவுக்கு இன்னமும் அடங்கும் நிலையில் இருந்த வீரியமான லிம்போமா நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். 5 ஆண்டுகள் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மாற்று சிகிச்சைப் பிரிவில் 46 விழுக்காடு, வழக்கமான கீமோ மட்டும் பெற்ற பிரிவில் 12 விழுக்காடு. அப்போது ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகள் வரவில்லை, எனவே அதே எண்களை இன்றைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் லிம்போமா திரும்பினால் மாற்று சிகிச்சை என்ற வழக்கம் உலகெங்கும் வேரூன்ற அந்த ஆய்வு பெரிய காரணம்.

மலேசியாவில் முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை 1987இல் இன்றைய மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் நடந்தது. இன்று அரசாங்கத் தரப்பில் ரத்த நோய்களுக்கான தேசிய மையமாக அம்பாங் மருத்துவமனை இருக்கிறது, பினாங்கு மருத்துவமனையிலும் இந்தச் சிகிச்சை உண்டு. சிங்கப்பூரில் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் செய்கின்றன.

குறைப்பதும் கீமோ, கிளப்புவதும் கீமோ

ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். பால் மரத்தை ஓயாமல் வெட்டினால் பால் வற்றும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது, மரத்துக்குள் பால் மறுபடி ஊறுவதற்காகத்தான். பட்டையில் மருந்து பூசினால் பால் கூடுதலாக வடியும். ஆனால் அதையும் அளவு மீறிச் செய்தால் மரம் வறண்டு போகும்.

மஜ்ஜையின் கதையும் ஏறக்குறைய அதுதான். கீமோ ஏறியதும் ரத்த எண்ணிக்கை சரிகிறது. மருந்துக்கு ஏற்ப 7 முதல் 14 நாளுக்குள் அது அடிமட்டத்தைத் தொடுகிறது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, தூங்கிக் கிடந்த ஸ்டெம் செல்கள் விழித்துப் பெருகுகின்றன. எண்ணிக்கை ஏறத் தொடங்கும் சில நாள்களில் அவை மஜ்ஜையை விட்டு ரத்தக் குழாய்க்குள்ளும் வழிகின்றன. சாதாரண நாளில் ரத்தத்தில் தேடினாலும் கிடைப்பது அரிதான செல்கள் அந்தச் சில நாள்களில் மட்டும் கூட்டமாக ஓடும். சேகரிப்புக் குழு காத்திருப்பது அந்த நேரத்துக்குத்தான். ஆக, ஒரு சுற்று கீமோ சேகரிப்புக்கு நல்ல உந்துதல்.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் விழித்த செல்களில் கொஞ்சம் அடிபடுகின்றன. அவை குடியிருக்கும் மஜ்ஜைத் தளமும் சிதைகிறது. ஆறு சுற்று, பிறகு இரண்டாம் வகை மருந்தில் மூன்று சுற்று, அதுவும் கேட்காமல் மூன்றாம் வகை என்று நீண்டுகொண்டே போனால் கையிருப்பு குறைந்துகொண்டே வரும். வெளியே பார்த்தால் ஆள் தேறியிருப்பார், ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் பரவாயில்லை என்று இருக்கும். ஆனால் சேகரிப்பு நாளில் இயந்திரம் சுற்றும்போதுதான் வறட்சி தெரியும்.

முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று உண்டு, அது தட்டணு எண்ணிக்கை. கீமோ முடிந்து பல வாரம் ஆன பிறகும் அது பழைய அளவுக்கு ஏறவில்லை என்றால் மஜ்ஜை களைத்திருக்கிறது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வயது 60ஐத் தாண்டியிருப்பது, லிம்போமா மஜ்ஜைக்குள்ளேயே பரவியிருப்பது, இடுப்பிலும் முதுகெலும்பிலும் முன்பு கதிர்வீச்சு வாங்கியிருப்பது ஆகியவையும் சேகரிப்பைக் கடினமாக்கும்.

எல்லா மருந்தும் ஒன்றல்ல

“கீமோ” என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை மருந்துக்கு மருந்து பெரிய வித்தியாசம் இருக்கிறது. பெரும்பாலான கீமோ மருந்துகள் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களைத்தான் தாக்கும். ஸ்டெம் செல்லோ பெரும்பகுதி நேரம் சும்மா படுத்திருக்கும், அதனால் தப்பித்துவிடும். சில மருந்துகள் மட்டும் படுத்திருக்கும் செல்லின் மரபணுவையும் விடாது.

வீரியமான பி-செல் லிம்போமாவுக்கு முதல் சிகிச்சையாக நம் மருத்துவமனைகளில் அதிகம் கொடுக்கப்படுவது ‘ஆர்-சோப்’. ரிட்டுக்சிமாப், சைக்ளோஃபாஸ்ஃபமைட், டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரெட்னிசலோன் என்ற ஐந்தும் அதில் சேரும். 21 நாளுக்கு ஒரு முறை, வழக்கமாக ஆறு சுற்று. இது மட்டும் வாங்கியவர்களில் பெரும்பாலோருக்குச் சேகரிப்பில் பெரிய தடங்கல் வருவதில்லை. ஹாட்ஜ்கின் லிம்போமாவுக்குக் கொடுக்கப்படும் ‘ஏ-பி-வி-டி’யும் அப்படியே.

இதில் சைக்ளோஃபாஸ்ஃபமைட்டின் கதை தனி. முடி கொட்டும், வாந்தி வரும், சிறுநீர்ப்பையைப் பதம் பார்க்கும் கடுமையான மருந்து அது. ஆனால் அதை உடைத்துச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று ஸ்டெம் செல்லுக்குள் தாராளமாக இருக்கிறது. அதனால் மற்ற செல்கள் சாகும்போது ஸ்டெம் செல் தப்பிக்கிறது. இந்த இயல்பைப் பயன்படுத்தி, ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குள் கிளப்புவதற்கென்றே இந்த மருந்தைக் கொடுப்பதும் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் நிற்பவை மெல்ஃபலான், கார்முஸ்டின், குளோரம்புசில், புரோகார்பசின், ஃபுளுடராபின் போன்றவை. குளோரம்புசில் வெறும் மாத்திரை. மெதுவாக வளரும் லிம்போமாவுக்கு வயதானவர்களுக்கு மாதக் கணக்கில் கொடுக்கப்பட்டு வந்தது. மாத்திரைதானே என்று அதைக் கீமோ கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. மஜ்ஜை அதைக் கணக்கில் வைத்திருக்கும். ஃபுளுடராபின் சில சுற்றுகளுக்கு மேல் போனால் சேகரிப்பு தோல்வியடையும் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. பெண்டமுஸ்டின் அவ்வளவு மோசமில்லை என்றாலும், மாற்று சிகிச்சை தேவைப்படக்கூடிய இளையவருக்கு அதை நீட்டிக் கொடுப்பதற்கு முன் மருத்துவர்கள் யோசிப்பார்கள். மேண்டில் செல் என்ற வகைக்குக் கொடுக்கப்படும் ‘ஹைப்பர்-சிவேட்’ கூட்டும், சுற்று கூடக் கூட கையிருப்பைக் கரைக்கும்.

ரிட்டுக்சிமாப் கீமோ அல்ல, எதிர்ப்புரத மருந்து. அது சேகரிப்பைக் கெடுப்பதில்லை. ரத்தத்தில் திரியும் லிம்போமா செல்களைத் துடைப்பதால் சேகரிக்கும் பை சுத்தமாகக் கிடைக்கவும் அது உதவுகிறது.

நோய் திரும்பியவருக்கு, மாற்று சிகிச்சைக்கு முன்பு வேறொரு கூட்டு மருந்து இரண்டு மூன்று சுற்று கொடுப்பார்கள். ‘ஐஸ்’, ‘டி-ஹேப்’, ‘ஜி-டி-பி’ என்ற பெயர்களை மருத்துவ அட்டையில் பார்க்கலாம். நோய் இன்னும் மருந்துக்கு அடங்குகிறதா என்று பார்ப்பதும், கட்டியைச் சுருக்குவதும், அந்தச் சுற்றின் முடிவில் ஸ்டெம் செல்லைக் கிளப்பிவிடுவதும் ஆகிய மூன்று வேலைகளையும் இவை ஒரே நேரத்தில் செய்கின்றன. சேகரிப்புக்கு ஏற்ற நேரம் பெரும்பாலும் இதன் இரண்டாவது அல்லது மூன்றாவது சுற்றுக்குப் பின்னால் வரும். அதைத் தவறவிட்டு அடுத்த வகை மருந்துக்குப் போனால் ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் அளவு குறையும்.

முதலிலேயே எடுத்து வைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. கீமோ ஏறாத மஜ்ஜைதானே நல்ல மஜ்ஜை? ஆனால் அப்போது லிம்போமா முழு வீரியத்தோடு இருக்கும், ரத்தத்திலும் மஜ்ஜையிலும் புற்றணு கலந்திருக்கலாம். அதையும் சேர்த்து உறைய வைத்துத் திருப்பி ஏற்றுவதில் அர்த்தமில்லை. கொஞ்சம் கீமோ கொடுத்து நோயைத் துடைத்த பிறகு எடுப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, வீரியமான பி-செல் லிம்போமா வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆர்-சோப் ஒன்றிலேயே குணமடைந்துவிடுகிறார்கள். எல்லோருக்கும் எடுத்து உறைய வைத்தால் பெரும்பகுதி பயன்படாமலேயே கிடக்கும்.

எனவே சரியான காலம் குறுகலானது. நோய் ஓரளவு அடங்கியிருக்க வேண்டும், மஜ்ஜை இன்னும் களைத்திருக்கக் கூடாது. மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பேச வேண்டும். “டாக்டர், எனக்குப் பின்னால் ஸ்டெம் செல் சிகிச்சை தேவைப்பட வாய்ப்பு உண்டா? இப்போது கொடுக்கும் மருந்து அதைப் பாதிக்குமா?” என்று இரண்டாம் கட்ட சிகிச்சை தொடங்குமுன் கேட்பதில் தவறே இல்லை. டாக்டரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் ஒதுங்கி நிற்பதுண்டு. இந்தக் கேள்வியை எந்த ரத்தநோய் மருத்துவரும் வரவேற்பார்.

சேகரிக்கும் நாள்கள்

கீமோ முடிந்த மறுநாளோ சில நாள் கழித்தோ ‘ஜி-சிஎஸ்எஃப்’ என்ற ஊசி தொடங்கும். ஃபில்கிராஸ்டிம் என்ற பெயரில் வருவது இதுதான். தோலுக்கடியில், நாள்தோறும் ஒரே நேரத்தில் போட வேண்டும். கீமோ இல்லாமல் இந்த ஊசியை மட்டும் போட்டு எடுப்பதும் உண்டு. அப்போது அளவு வழக்கமாக ஒரு கிலோ உடல் எடைக்கு 10 மைக்ரோகிராம், ஐந்தாம் நாளில் சேகரிப்பு. ஊசியை 2 முதல் 8 பாகை குளிரில் வைக்க வேண்டும், ஃபிரீசருக்குள் வைக்கக் கூடாது. கோலாலம்பூரிலிருந்து தோட்டத்துக்கு எடுத்துப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு போக வேண்டும். மருத்துவமனைத் தாதி கற்றுக் கொடுத்தால் வீட்டிலேயே போடலாம், அல்லது அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் போடச் சொல்லிக் கடிதம் தருவார்கள். ஒரு நாள் விடுபட்டாலும் முழுத் திட்டமும் தள்ளாடும்.

ஊசி போட்டதும் இடுப்பும் முதுகும் குடைவது போல வலிக்கும். மஜ்ஜை வேலை செய்கிறது என்று பொருள், பாராசிட்டமோல் போதும். ஆனால் இடப்பக்க விலாவுக்குக் கீழே கடுமையான வலி வந்தால் அது மண்ணீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், உடனே சொல்ல வேண்டும். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் காலைவரை காத்திருக்காமல் இரவிலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும்போது சில மணி நேரத்தில் கிருமி ரத்தத்தில் பரவிவிடும். ஊருக்கும் மருத்துவமனைக்கும் இரண்டு மணி நேரப் பயணம் என்றால், அந்த ஒன்றிரண்டு வாரத்துக்கு மட்டுமாவது பட்டணத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

ரத்தத்தில் ஸ்டெம் செல் எவ்வளவு ஓடுகிறது என்பதை ‘சிடி34’ என்ற பரிசோதனை சொல்லும். ஒரு மைக்ரோலிட்டரில் 20க்கு மேல் இருந்தால் நல்ல சகுனம். 10க்குக் கீழே என்றால் இன்றைக்கு எடுத்துப் பயனில்லை என்றோ கூடுதல் மருந்து தேவை என்றோ முடிவெடுப்பார்கள்.

சேகரிப்பது வலி மிகுந்த அறுவை சிகிச்சை அல்ல, முதுகெலும்பில் ஊசியும் இல்லை. டயாலிசிஸ் செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அதே காட்சிதான். ஒரு குழாய் வழியே ரத்தம் இயந்திரத்துக்குள் போகும். இயந்திரம் அதைச் சுழற்றி, ஸ்டெம் செல் இருக்கும் அடுக்கை மட்டும் பிரித்து, மீதியை உடம்புக்கே திருப்பி அனுப்பும். ஒரு தடவைக்கு 4, 5 மணி நேரம். உடம்பில் உள்ள மொத்த ரத்தத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு இயந்திரத்தைச் சுற்றி வரும். பல சுற்று கீமோ வாங்கியவர்களுக்குக் கை நரம்புகள் கெட்டியாகிப் போயிருக்கும், அவர்களுக்குக் கழுத்திலோ தொடையிலோ குழாய் பொருத்துவார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பின் கால்சியத்தைக் குறைப்பதால் உதடும் விரல்நுனியும் மதமதக்கும். சொன்னால் கால்சியம் கொடுப்பார்கள். பேசாமல் பொறுத்துக்கொண்டால் கை கால் இழுத்துக்கொள்ளும்.

எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ உடல் எடைக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல், நல்ல அளவு 50 லட்சம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கோடி என்பது குறைந்தபட்சம், 30 கோடி கிடைத்தால் திருப்தி. சிலருக்கு ஒரே நாளில் முடிந்துவிடும், சிலருக்கு மூன்று நாள்கூட ஆகும். 20 லட்சத்துக்குக் கீழே கொடுத்துப் பெரிய கீமோவுக்குள் இறக்கினால் தட்டணு மீண்டு வர வாரக் கணக்கில் தாமதமாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் அந்த எண்ணில் விட்டுக் கொடுப்பதில்லை.

நம் மக்களிடம் பரவலாக உள்ள நீரிழிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஸ்டெம் செல் மஜ்ஜையை விட்டு வெளியேறுவது மந்தமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்கு மேல், டி-ஹேப்பில் உள்ள டெக்சாமெத்தசோனும் ஆர்-சோப்பில் உள்ள பிரெட்னிசலோனும் சர்க்கரையை எகிற வைக்கும். இந்த நாள்களில் சர்க்கரையை அளந்து, இன்சுலினை மருத்துவர் சொன்னபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

போதாமல் போனால்

ஜி-சிஎஸ்எஃப் ஊசியை மட்டுமோ கீமோவோடு சேர்த்தோ கொடுத்தும் போதிய அளவு கிடைக்காமல் போவது, எந்த வகை நோயாளிகளைக் கணக்கெடுத்தார்கள் என்பதைப் பொறுத்து, 5 முதல் 30 விழுக்காடு வரை என்று மருத்துவ ஏடுகள் சொல்கின்றன. அதிகக் கீமோ வாங்கியவர்களே இதில் அதிகம். முன்பெல்லாம் இத்தோடு வழி அடைந்துவிடும்.

2008இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பிளெரிக்சஃபோர் என்ற ஊசி நிலைமையை மாற்றியது. ஸ்டெம் செல்லை மஜ்ஜையோடு பிணைத்து வைத்திருக்கும் கொக்கி ஒன்று உண்டு. இந்த மருந்து அந்தக் கொக்கியைக் கழற்றிவிடுகிறது. சேகரிப்புக்குச் சுமார் 11 மணி நேரம் முன்பு போட வேண்டும், அதாவது இரவு ஒன்பது பத்து மணிக்கு ஊசி, மறுநாள் காலையில் இயந்திரம். ஜி-சிஎஸ்எஃப் ஊசியோடு சேர்த்துத்தான் பயன்படும். முன்பு தோற்றவர்களில் கணிசமானவர்களுக்கு இதனால் தேவையான அளவு கிடைக்கிறது. விலைதான் சிக்கல், ஒரு குப்பியே பல ஆயிரம் ரிங்கிட். அரசாங்க மருத்துவமனைகளில் எல்லோருக்கும் கொடுப்பதில்லை, சிடி34 எண்ணிக்கை குறைவாக இருப்பவர்களுக்கே ஒதுக்குவார்கள். செலவைக் கையிலிருந்து போட வேண்டும் என்று சொன்னால் தயங்காமல் மருத்துவமனையின் மருத்துவச் சமூகநலப் பிரிவைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் ‘தாபோங் பந்துவான் பெருபாத்தான்’ உதவி நிதிக்கு மனுச் செய்யும் வழி அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஊழியர் சேமநிதியில் கடும் நோய்க்காகப் பணம் எடுக்கவும் இடமுண்டு. வேலை செய்ய இயலாமல் போனவர் சொக்சோவின் இயலாமைப் பென்ஷனுக்கு மனுச் செய்யலாம். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்து சந்தா கட்டிய பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

பிளெரிக்சஃபோருக்கும் மசியவில்லை என்றால், சில வாரம் மஜ்ஜைக்கு ஓய்வு கொடுத்து மறுபடி முயல்வார்கள். மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து நேரடியாக மஜ்ஜையை உறிஞ்சும் பழைய முறையும் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் வராதவருக்கு மஜ்ஜையிலும் வளமாக இருப்பது அபூர்வம். அதன் பிறகுதான் அண்ணன் தங்கையிடமிருந்து எடுப்பது போன்ற பேச்சு எழும். கார்-டி என்ற சிகிச்சை சிங்கப்பூரில் 2021இல் அங்கீகாரம் பெற்றது. அதற்கு ஸ்டெம் செல் தேவையில்லை, டி-செல் என்ற வேறு வகை வெள்ளையணுவை எடுத்து மாற்றியமைக்கிறார்கள். ஆனால் அங்கேயும் பழைய கீமோ பின்தொடரும், பெண்டமுஸ்டின் போன்ற மருந்துகள் டி-செல்லின் தரத்தைக் குறைக்கின்றன. அதன் விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டிய தாள்

தனியார் மருத்துவமனையில் நான்கு சுற்று, பணம் தீர்ந்ததும் அரசாங்க மருத்துவமனை, நடுவில் ஊர் மாறியதால் இன்னொரு மருத்துவமனை என்பது நம்மிடையே சகஜம். கடைசியாகப் பார்க்கும் நிபுணருக்கு முதலில் ஏறிய மருந்து என்னவென்றே தெரியாது. “சிவப்பு மருந்து ஏற்றினார்கள்” என்று சொன்னால் அது டாக்சோரூபிசின் என்று ஊகிப்பார், மீதியை ஊகிக்க முடியாது. எந்த மருந்து, எத்தனை சுற்று, எந்தத் தேதி, எந்த இடத்தில் எவ்வளவு கதிர்வீச்சு என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை ஒவ்வொரு இடத்திலும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது நோயாளியின் உரிமை. கைத்தொலைபேசியில் படமெடுத்து மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி இருக்கட்டும்.

இரண்டு சுற்று முடிந்து கட்டி கரைந்ததும் “உடம்பு நன்றாகிவிட்டது” என்று கீமோவை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கோ நேர்த்திக்கடனுக்கோ போய்விடுபவர்களும் உண்டு. நேர்த்திக்கடன் யாருக்கும் தடையில்லை, தேதியைப் பார்த்து முடிவு செய்தால் போதும். பாதியில் விட்ட லிம்போமா சில மாதத்தில் திரும்பும்போது பழைய மருந்துக்கு அடங்காமல் போகலாம். அப்போது கூடுதல் மருந்து, கூடுதல் சுற்று என்று போய், சேகரிப்புக்கு ஏற்ற காலம் கைநழுவிவிடும்.

திருப்பி ஏற்றும் நாள்

எடுத்த செல்லை டி-எம்-எஸ்-ஓ என்ற திரவத்தோடு கலந்து, திரவ நைட்ரஜனில் பூஜ்யத்துக்குக் கீழே 150 பாகைக்கும் தாழ்வான குளிரில் வைப்பார்கள். ஆண்டுக் கணக்கில் கெடாது. பெரிய கீமோ முடிந்து ஒரு நாள் இடைவெளி விட்டு, பையை வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, ரத்தம் ஏற்றுவது போலவே ஏற்றுவார்கள். அறை முழுக்கப் பூண்டு வாடை அடிக்கும், அது அந்தத் திரவத்தின் மணம். நோயாளியின் மூச்சிலும் ஓரிரு நாள் இருக்கும், பார்க்கப் போகிறவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ரத்தத்தில் ஏறிய செல்கள் தாமே வழி கண்டுபிடித்து எலும்புக்குள் போய்க் குடியேறும். பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் வெள்ளையணு தலைகாட்டும், தட்டணு பின்னால் வரும். அதுவரை தனி அறை, சமைத்த சூடான உணவு, பார்வையாளர் கட்டுப்பாடு. வீடு திரும்பிய பிறகும் பல மாதம் நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாகவே இருக்கும். சிறுவயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் மங்கிவிடுவதால், சுமார் ஆறு மாதத்துக்குப் பிறகு அவற்றை மறுபடியும் போடத் தொடங்குவார்கள். அதற்கான அட்டையையும் மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டும்.